பொதிகை உச்சியை விட்டால் போக்கிடம் இல்லை: நெல்லையின் 2 மலைப் பறவைகளுக்கு 2028 ஏன் முக்கியம்?

திருநெல்வேலி பேட்டையில் மழை ஓய்ந்த காலை நேரத்தில் மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் மலை தெளிவாகத் தெரியும். அந்த மலையின் மேல்பகுதியில், மேகம் இறங்கி நிற்கும் சோலைக்காடுகளுக்குள், இரண்டு பறவைகள் வாழ்கின்றன. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அவற்றைப் பார்க்க முடியாது. ஆனால் நெல்லையிலேயே பலருக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது.

அந்த மலையில்தான் மாஞ்சோலை தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. 1929-ல் கொடுக்கப்பட்ட 99 ஆண்டு குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதன் பிறகு அந்த நிலம் என்ன ஆகும் என்ற கேள்வி, தொழிலாளர்களின் வாழ்க்கையோடு சேர்ந்து, இந்தப் பறவைகளின் எதிர்காலத்தையும் தொடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

யார் இந்தப் பறவைகள்?

முதலாவது, சோலைக்கிளி. பெயரில் 'கிளி' இருந்தாலும் இது கிளி இல்லை. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிய, கரு நீல நிறப் பறவை. வயிறு மட்டும் வெள்ளை. காட்டின் அடித்தளத்தில், ஓடைக்கரைப் புதர்களுக்குள், தரையை ஒட்டியே தத்தித் தத்திப் புழு பூச்சிகளைத் தேடும். உயரே பறந்து வந்து கண்ணில் படுகிற வழக்கம் கிடையாது. விடியும் நேரத்தில் அது பாடுவதை வைத்துத்தான் 'இருக்கிறது' என்று கண்டுபிடிக்கிறார்கள். மரப்பொந்திலோ ஓடைக்கரை மண்குழியிலோ பாசி வைத்துக் கூடு கட்டும்.

இரண்டாவது, சிலப்பன். சாம்பலும் பழுப்பும் கலந்த உடல், கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைப் புருவம். இது சோலைக்கிளிக்கு நேர் எதிர். ஜோடியாகவோ சிறு கூட்டமாகவோ திரியும்; ஒன்று குரல் கொடுத்தால் மற்றதும் சேர்ந்துகொள்ளும்; சிரிப்பது போன்ற சத்தம் காட்டையே நிரப்பும். பூச்சிகளோடு காட்டுப் பழங்களையும் விரும்பிச் சாப்பிடும். நம் வீட்டுத் தோட்டத்தில் கூட்டமாக வந்து கலகலவென்று கத்துகிற தவிட்டுக்குருவி இருக்கிறதே, அது சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். சமவெளியில் ஒரு உறவினர், மலை உச்சியில் ஒரு உறவினர்.

ஆங்கிலப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர்

2017-ல் 'பிஎம்சி எவல்யூஷனரி பயாலஜி' என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. வி.வி.ராபின், சி.கே.விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்டோர் அடங்கிய குழு எழுதியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைகளில் வாழும் இந்தப் பறவைகளின் மரபணுவைப் பரிசோதித்தபோது, இவற்றை இதுவரை தவறான பிரிவுகளில் வைத்திருந்தது தெரியவந்தது. நெருங்கிய சொந்தம் என்று நினைத்த இமயமலைப் பறவைகளோடு இவற்றுக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை. தென்னிந்திய மலைகளிலேயே வெகுகாலம் தனித்து வளர்ந்த பரம்பரைகள் இவை.

அதனால் இரண்டு புதிய பேரினப் பெயர்கள் வைக்கப்பட்டன. ஒன்று 'ஷோலிகோலா'. நம் 'சோலை'யோடு, குடியிருப்பவர் என்ற பொருள் தரும் லத்தீன் விகுதியைச் சேர்த்த பெயர். அதாவது சோலைவாசி. மற்றது 'மான்டிசின்க்ளா'. நெல்லை மலைகளில் வாழும் சோலைக்கிளிக்கு 'அசம்பு' மலையின் பெயரையே சேர்த்து 'ஷோலிகோலா அசம்புயென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். பொதிகை முதல் மகேந்திரகிரி வரை நீளும் மலைகளுக்கு அசம்பு மலை என்பது பழைய பெயர். நாகர்கோவில் வடசேரியில் இன்றைக்கும் 'அசம்பு ரோடு' இருக்கிறது.

பொதுப் பெயர்களாக 'ஷோலாகிளி', 'சிலப்பன்' ஆகியவற்றை முன்வைத்தார்கள். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. சிலப்பன் என்றால் ஓயாமல் சத்தம் போடுவது. பழந்தமிழில் 'சிலைத்தல்' என்றால் ஒலித்தல், ஆரவாரித்தல். இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்நியமாகத் தெரியாது.

ஒரு விஷயம்: அசம்பு சோலைக்கிளியைத் தனி இனமாகச் சில பறவைப் பட்டியல்கள் ஏற்கின்றன, வேறு சில, பழனி - ஆனைமலைச் சோலைக்கிளியின் துணை இனமாக வைத்திருக்கின்றன. எப்படி வகைப்படுத்தினாலும், செங்கோட்டைக்குத் தெற்கே இருப்பது தனித்த கூட்டம் என்பது மாறாது.

ஒரே மலைத்தொடர்தானே, ஏன் தனித்தனி இனம்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு ரயில் பயணம் போதும். பாலருவி எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியை விட்டுப் புறப்பட்டதும் பேட்டையைக் கடந்து, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை வழியாக மலைக்குள் நுழைகிறது. அந்த இடம் செங்கோட்டைக் கணவாய். பிறகு கேரளாவுக்குள் ஓடி, கடைசியில் பாலக்காட்டில் போய் நிற்கிறது. அங்கே இருப்பது பாலக்காட்டுக் கணவாய்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் துண்டாக்கும் பெரிய இடைவெளிகள் இந்த இரண்டும்தான். ரயில் புகுந்து போகும் அளவுக்கு மலை தாழ்ந்திருக்கிறது என்பதால் நமக்கு அது வசதி. குளிர்ந்த சோலையை விட்டு வெளியே வராத பறவைக்கு அதே இடைவெளி கடல் மாதிரி. தாண்ட முடியாது.

அதனால் பாலக்காட்டுக்கு வடக்கே நீலகிரியில் ஒரு சோலைக்கிளி, பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பழனி - ஆனைமலையில் இன்னொன்று, செங்கோட்டைக்குத் தெற்கே நம்முடையது. சிலப்பனிலும் இதே கதைதான்: நீலகிரியில் ஒன்று, வயநாட்டின் பாணாசுர மலைப் பகுதியில் ஒன்று, பழனியில் ஒன்று, அசம்புவில் ஒன்று. இதே ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட வேறொரு ஆய்வில் 23 மலைப் பறவை இனங்களைப் பரிசோதித்தார்கள். எவ்வளவு ஆழமான, அகலமான பள்ளத்தாக்கோ, அவ்வளவு அதிகமான இனங்கள் அங்கே பிரிந்திருக்கின்றன என்பது அதன் முடிவு.

இப்படித் தனித்து நிற்கும் மலை உச்சிகளை அறிவியலாளர்கள் 'வான்தீவுகள்' என்கிறார்கள். ராமேசுவரத்தைச் சுற்றிக் கடல். பொதிகையைச் சுற்றி வெயில் காயும் சமவெளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இமயமலைப் பறவைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

உயரமான மலையில் வாழும் பறவைகள் என்றதும் இமயமும் திபெத்தும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே 'மலை ஃபிஞ்ச்' என்றொரு கூட்டம் உண்டு. தானியம் கொறிக்கும் குருவி வகை. இந்தப் பேரினத்தில் மொத்தம் 6 இனங்கள்: பாதி ஆசியாவில், பாதி வட அமெரிக்காவில். மரங்களே முளைக்காத உயரத்தில், பாறை இடுக்கில் கூடு கட்டி, பனி உருகும் விளிம்பில் விதை பொறுக்கி வாழ்கின்றன.

இவற்றிலும் மரபணு ஒரு கணக்கைத் திருத்தியிருக்கிறது. 1929-ல் கரகோரம் பகுதிக்குப் போன நெதர்லாந்து பயணக் குழு, 5,000 மீட்டருக்கு மேலான இடத்தில் இரண்டு குருவிகளைப் பிடித்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனது. தெரிந்த இனம் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். அது புதிய இனம் என்று அறிவிக்கப்பட்டது 1992-ல். அதை உயிரோடு படம் பிடித்தது 2012-ல், சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில். மரபணுவைப் பார்த்து, 'இது மலை ஃபிஞ்சே இல்லை, ரோஸ்ஃபிஞ்ச்' என்று சொன்னது 2016-ல். உயரத்தில் வாழும் பறவைகளை நாம் எவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொள்கிறோம் என்பதற்கு இது ஓர் உதாரணம். மாஞ்சோலைக் குத்தகை எழுதப்பட்டதும் அதே 1929-ல்தான்.

ஆனால் முக்கியமான வேறுபாடு இங்கே இருக்கிறது. இமயமலை ஃபிஞ்சுகளுக்கு இறங்கி ஏறுகிற பழக்கம் உண்டு. குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கும். வெயில் வந்தால் மேலே ஏறும். அவற்றின் உறவான ரோஸ்ஃபிஞ்சில் ஓர் இனம் குளிர்காலத்துக்குத் தென்னிந்திய மலைகள் வரை வந்துபோகிறது.

நம் சோலைக்கிளிக்கும் சிலப்பனுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. பிறந்த மலையிலேயே பாடி, கூடு கட்டி, செத்தும் போகும். வலசை என்பதே இல்லை. அதோடு, இமயம் 8,000 மீட்டரைத் தாண்டுகிறது. பொதிகை எனும் அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர்தான். இந்தப் பறவைகள் பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேலேதான் வாழ்கின்றன என்றால், அவற்றின் உலகத்தின் மொத்த உயரமே சில நூறு மீட்டர்கள்தான்.

வெயில் கூடினால் என்ன ஆகும்?

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். திருப்பிக் கணக்குப் போட்டால், பூமியின் வெப்பம் 1 டிகிரி கூடும்போது, பழைய குளிர் வேண்டுமென்றால் ஏறத்தாழ 160 மீட்டர் மேலே போக வேண்டும். உச்சிக்கு அருகே வாழும் பறவைக்கு அப்படி எத்தனை முறை ஏற முடியும்? மலை கூம்பு வடிவம் என்பதால், மேலே போகப்போக நிலப்பரப்பும் சுருங்கிக்கொண்டே வரும்.

இது வெறும் கணக்கு இல்லை. தென் அமெரிக்க நாடான பெருவில் ஒரு மலைமுகட்டில் 1985-ல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2017-ல் அதே இடத்தில் மறுபடியும் கணக்கெடுத்தபோது, பறவைகள் சராசரியாக மேல்நோக்கி நகர்ந்திருந்தன. முகட்டில் மட்டும் வாழ்ந்துவந்த சில இனங்களைக் காணவே முடியவில்லை. அந்த மலையில் யாரும் காட்டை வெட்டவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆய்வாளர்கள் இதை 'அழிவை நோக்கிப் போகும் எஸ்கலேட்டர்' என்று அழைத்தார்கள்.

உலக வெப்பத்தை நெல்லையில் உட்கார்ந்துகொண்டு யாராலும் குறைக்க முடியாது. ஆனால், இருக்கிற உயரத்தில் எவ்வளவு காடு, எவ்வளவு தொடர்ச்சியாக இருக்கிறது என்பதை நம் முடிவுகள் மாற்றும். இந்த மலைப் பறவைகளில் மனிதர்கள் காட்டைத் துண்டாக்கியதன் தடம் மரபணுவிலேயே தெரிகிறது என்றும் ஆய்வாளர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். கணவாய் பல லட்சம் ஆண்டுகளில் செய்த வேலையை, தோட்டமும் சாலையும் நூறு ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டன.

இதில் மாஞ்சோலை எங்கே வருகிறது?

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன், தன் காட்டில் 8,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலையின் மேல்தளத்தில் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பொதிகையின் அடர்ந்த காடுகளுக்கு நடுவே தோட்டங்கள் ஒரு பச்சைத் துண்டாக நிற்கின்றன. தூரத்துப் பார்வைக்கு அதுவும் பசுமைதான். சோலைக்கிளிக்கு அது திறந்த வெளி.

அதன் பிறகு நடந்தவை சுருக்கமாக:

- ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது.
- 1999 ஜூலை 23: கூலி உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளோடு மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த பேரணியில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேரின் உயிர் போனது.
- 2018: இந்த நிலம் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது.
- 2024: குத்தகை முடியும் முன்பே நிறுவனம் வெளியேற முடிவெடுத்து, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது.
- 2024 டிசம்பர்: தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமான 'டான்டீ' ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழிலாளர்களுக்கான மறுவாழ்வு உதவிகளைச் செய்ய அரசுக்கு உத்தரவிட்டது.
- 2025 மார்ச்: அகத்தியமலை நிலப்பரப்பு முழுவதும் காடு அல்லாத பயன்பாடுகள், ஆக்கிரமிப்புகள் எவை என்று ஆய்வு செய்யும்படி, மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆக, நிலம் காட்டுக்குத் திரும்பும் திசையில்தான் போகிறது. கேள்வி, எப்படித் திரும்பும் என்பதுதான்.

தோட்டத்தைக் காலி செய்தால் காடு தானாக வந்துவிடுமா?

'சும்மா விட்டால் போதும், இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று பலர் நினைக்கலாம். பாதி உண்மை. கவாத்து செய்யாமல் விட்டால் தேயிலைச் செடி மரமாக வளர்ந்து நிற்கும். வெயில் படும் இடத்தில் முதலில் வந்து உட்காருவது உண்ணிச்செடி போன்ற களைகள்தான். சோலை மரங்கள் பல நிழலில் முளைத்து, மெதுவாக வளர்பவை. அவற்றின் விதையைக் கொண்டுவர இருவாச்சி, மலைப்புறா போன்ற பறவைகளும் விலங்குகளும் வந்துபோக வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. ஆனைமலையில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதைந்து கிடந்த காட்டுத் துண்டுகளை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டு வருகிறார்கள். களையெடுத்து, உள்ளூர் மரங்களின் விதைகளைச் சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து நடுகிறார்கள். அப்படி நட்ட இடங்கள், சும்மா விட்ட இடங்களை விட வேகமாகக் காட்டின் தன்மைக்குத் திரும்பின என்று அவர்களின் ஆய்வு சொல்கிறது. பெரிய காட்டிலிருந்து தள்ளியிருக்கும் துண்டுகளில்தான் இந்தக் கூடுதல் உழைப்புக்குப் பலன் அதிகம்.

மாஞ்சோலைக்கு இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, சுற்றிலும் பெரிய காடு இருப்பதால் ஓரங்களில் விதை தானாக வந்து விழ வாய்ப்பு நிறைய. இரண்டு, நடுப்பகுதிகளுக்கு ஆள், பணம், பல ஆண்டு பொறுமை மூன்றும் தேவை. ஏதோ ஒரு மரத்தை வரிசையாக நட்டு 'காடு வளர்த்தோம்' என்று கணக்குக் காட்டினால் சோலைக்கிளிக்குப் பயனில்லை. தைல மரமும் சீகை மரமும் உதகையிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை என்ன செய்தன என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

அப்படியானால் தொழிலாளர்கள்?

இந்த விவாதம் பல நேரம் 'மனுஷனா, பறவையா?' என்று திரும்பிவிடுகிறது. அந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. சோலையை வெட்டித் தேயிலை வைக்கும் முடிவை எடுத்தது தொழிலாளர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த மலையில் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. லயன் வீட்டைக் காலி செய்தால் போக ஊர் இல்லாதவர்களும் அவர்களில் உண்டு.

அதே சமயம், அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் மேடும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். காட்டை மீட்க நாற்றங்கால் வேலை, களையெடுப்பு, நடவு, கண்காணிப்பு என்று ஆண்டுக்கணக்கில் ஆள் தேவைப்படும். வால்பாறையிலும் இந்த வேலை உள்ளூர்க்காரர்களின் கைகளால்தான் நடக்கிறது. மறுவாழ்வுத் திட்டத்தையும் காடு மீட்புத் திட்டத்தையும் தனித்தனிக் கோப்பாக வைக்காமல் சேர்த்து யோசித்தால், இரண்டுக்கும் நல்லது. வீடும் வருமானமும் உறுதியாகாமல் மக்களை இறக்கிவிட்டு, மேலே பெயர்ப்பலகை மட்டும் நட்டால், இரண்டுமே தோற்கும்.

பேட்டையில் இருப்பவருக்கு இதனால் என்ன?

தாமிரபரணி பிறப்பது பொதிகையில். சுமார் 128 கி.மீ. ஓடி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலையும் குடத்தையும் நிரப்பி, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் கலக்கும் வற்றாத நதி அது. வற்றாமல் இருப்பதற்கு மழை மட்டும் காரணம் இல்லை. பெய்த மழையை உடனே உருட்டிவிடாமல், வேரிலும் பாசியிலும் மக்கிய இலையிலும் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும் காடு ஒரு முக்கியக் காரணம். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்ற பெயர்களை வானிலைச் செய்தி பார்ப்பவர்கள் அறிவார்கள். மாநிலத்தின் அதிக மழைப் பதிவுப் பட்டியலில் அடிக்கடி முதலில் வரும் ஊர்கள் அவை. மழை விழும் அந்த இடத்தில் காடு இருக்கிறதா என்பது கீழே உள்ள எல்லாருடைய விஷயம்.

சோலைக்கிளி ஓடைக்கரையை விட்டு விலகாத பறவை. அது பாடுகிற இடத்தில் மண் ஈரமாக இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஓடையில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். அந்தத் தண்ணீர்தான் பாபநாசத்தில் இறங்கி, அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் கடந்து நெல்லைக்கு வருகிறது.

அடுத்து கவனிக்க வேண்டியவை

2028 பிப்ரவரிக்கு முன் மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். ஒன்று, தோட்ட நிலத்தை எந்த முறையில், எத்தனை ஆண்டுத் திட்டத்தில், எந்த நிதியில் காடாக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு. இரண்டு, அந்த மலையில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு வீடும் வேலையும் எழுத்தில் உறுதியாகிறதா என்பது. மூன்று, மேலே உள்ள சோலைகளில் பறவைகளின் எண்ணிக்கையைக் குத்தகை முடிவதற்கு முன்பே பதிவு செய்வது. இன்றைய கணக்கு கையில் இல்லாவிட்டால், இருபது ஆண்டு கழித்துக் காடு திரும்பியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பெருவில் 1985-ல் எடுத்த கணக்கு இருந்ததால்தான் 2017-ல் எது காணாமல் போனது என்று தெரிந்தது.

இமயத்துக் குருவிக்குக் குளிரெடுத்தால் இறங்க இடம் உண்டு, வெயிலடித்தால் ஏற இடம் உண்டு. பொதிகைப் பறவைக்கு இரண்டும் இல்லை. அதற்கு நம்மால் கூட்டிக் கொடுக்க முடிந்தது ஒன்றுதான்: அது ஏற்கெனவே நிற்கிற உயரத்தில், இன்னும் கொஞ்சம் காடு.